மணிக்கட்டு முறிவு, வயது 76: பிளேட்டா, மாவுக்கட்டா?

தென்றல்வழி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 76 வயது. போன வாரம் கால் இடறி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ரேடியஸ் என்ற முன்கை எலும்பின் கீழ்நுனி உடைந்து புறங்கைப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்றார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நேற்று எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு மறுபடியும் சாய்ந்துவிட்டது.

ஆர்த்தோ டாக்டர் ஆபரேஷன் செய்து, எலும்பைப் பிடித்துவைக்கும் உலோகப் பிளேட் வைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவரிடம் கருத்துக் கேட்கப் போனோம். அவர், "இந்த வயதில் கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் கை வேலை செய்யும், மாவுக்கட்டையே தொடருங்கள்" என்கிறார். இருவருமே அனுபவம் உள்ளவர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. வீட்டில் அண்ணன் ஆபரேஷனே வேண்டாம் என்கிறார், தங்கை உடனே செய்துவிட வேண்டும் என்கிறாள். இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும். இதைக் கடந்து வந்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எலும்பும்தசையும்

நான் எலும்பு அறுவை மருத்துவர். எக்ஸ்ரேயைப் பார்க்காமல், கையைத் தொட்டுப் பார்க்காமல் "இதைச் செய்யுங்கள்" என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் இரண்டு டாக்டர்களும் ஏன் வேறு வேறாகச் சொல்கிறார்கள் என்பதை விளக்க முடியும்.

முதலில், வயது பார்க்காமல் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கே போகிற நிலைகள் சில உண்டு. எலும்பு தோலைக் கிழித்திருந்தால், மணிக்கட்டு மூட்டே நழுவியிருந்தால், உடைந்த துண்டு உள்ளங்கைப் பக்கம் சரிந்திருந்தால், கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் அது நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனால். கடைசியாகச் சொன்னது, மணிக்கட்டு வழியாக அந்த விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பு நசுங்குவதன் அறிகுறி. அம்மாவுக்கு அப்படி ஏதும் இருந்தால் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

அது இல்லையென்றால், உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது முதியவர்களிடம் மிகவும் சாதாரணமாகக் காணும் முறிவு. அயர்லாந்தைச் சேர்ந்த ஆபிரகாம் காலிஸ் 1814-இல் இதை விவரித்தார், அதனால் காலிஸ் முறிவு என்கிறோம். எக்ஸ்ரே வருவதற்கு 80 ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. கோணல் கடைசிவரை போகாது, ஆனாலும் காலப்போக்கில் கை வலியில்லாமல் நன்றாக இயங்கும் என்று அவரே அப்போது எழுதிவைத்தார். இரண்டாவது டாக்டர் சொன்னது இந்தப் பழைய அவதானிப்பின் தொடர்ச்சிதான்.

நேராக்கிய எலும்பு ஏன் மறுபடி சாய்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். கட்டுப் போட்டவர்மேல் குறை இருக்க வேண்டிய அவசியமில்லை. வயதான எலும்பு உடையும்போது புறங்கைப் பக்கம் நொறுங்கி உள்ளே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. இழுத்து நேராக்கினாலும் அந்த இடத்தில் தாங்க எதுவும் இல்லை. 60 வயதைத் தாண்டியிருப்பது, ஆரம்பத்திலேயே 20 டிகிரிக்கு மேல் சாய்ந்திருப்பது, மூட்டுக்குள் விரிசல் போயிருப்பது, பக்கத்தில் உள்ள அல்னா எலும்பும் உடைந்திருப்பது, இவையெல்லாம் மறுபடி சரியும் என்பதற்கான அடையாளங்கள்.

தாழைமடல்

டாக்டர் சார், விளக்கத்துக்கு நன்றி. ஆனால் கோணலாகவே விட்டுவிடுவது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மாமியாருக்கு 71 வயதில் இதே முறிவு. பிளேட் வைத்தார்கள். கட்டுப் பிரித்ததும் லேசான பட்டைதான். சீக்கிரமே தலை வாரிக்கொள்ள, டம்ளரைத் தூக்க முடிந்தது. அவருடைய தங்கைக்கு முன்பு மாவுக்கட்டு மட்டும் போட்டார்கள். மணிக்கட்டில் மேடு தட்டியிருக்கிறது, வாளியைத் தூக்கினால் வலி என்கிறார். இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

எண்கணக்கு

தாழைமடல் அக்கா, உங்கள் அனுபவம் உண்மை. ஆனால் இரண்டு பேரை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதால்தான் சோதனைகள் நடத்துகிறார்கள். நான் மருத்துவர் இல்லை, மருத்துவப் புள்ளிவிவரத்தில் வேலை செய்பவன். என் அப்பாவுக்கு இதே நிலை வந்தபோது தேடித் தேடிப் படித்தேன்.

2011-இல் ஆஸ்திரியாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 73 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பிளேட், மறு பாதிக்கு மாவுக்கட்டு என்று பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் வலியிலும் அன்றாடப் பயன்பாட்டிலும் வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரேயில் பிளேட் வைத்த கைகள் அழகாக இருந்தன, பிடி வலுவும் கூடுதல். ஆனால் சிக்கல்கள் அவர்களிடம்தான் அதிகம்.

அப்புறம் 2021-இல் கிராஸ்ஃபயர் என்ற ஆய்வு, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும். 60 வயதைத் தாண்டிய 166 பேர். மணிக்கட்டு எவ்வளவு தொல்லை தருகிறது என்று நோயாளியே 0 முதல் 100 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று உண்டு. ஓராண்டில் இரு குழுவுக்கும் இடையே 2 புள்ளி வித்தியாசம்கூட இல்லை. அமெரிக்காவின் எலும்பு மருத்துவர் சங்கமும் கை அறுவை மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: 65 வயதுக்கு மேல், நீண்ட கால நோக்கில், அறுவை சிகிச்சையால் நோயாளி உணரும் பலன் கூடுவதில்லை.

தாழைமடல்

அப்படியென்றால் ஏன் இன்னும் இத்தனை பேருக்குப் பிளேட் வைக்கிறார்கள்? எல்லா டாக்டர்களும் அந்த ஆய்வுகளைப் படிக்காதவர்களா?

எலும்பும்தசையும்

நியாயமான கேள்வி. எண்கணக்கு சொன்னதில் பிழை இல்லை, ஆனால் ஒரு பாதியை விட்டுவிட்டார்.

2019-இல் சுவீடனில் 70 வயதுக்கு மேற்பட்ட 140 பேரிடம் நடந்த ஆய்வில் பிளேட் வைத்தவர்கள் மூன்று மாதத்திலும் ஓராண்டிலும் முன்னிலையில் இருந்தார்கள். அவர் சொன்ன கிராஸ்ஃபயர் ஆய்விலேயே, "உங்கள் சிகிச்சை வெற்றியா?" என்று கேட்டபோது பிளேட் குழுவில்தான் அதிகம் பேர் ஆம் என்றார்கள். இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு வழிகாட்டுதலை மட்டும் நீட்டுவது சரியில்லை.

இன்னொன்று, நேரம். பெரும்பாலான ஆய்வுகளில் ஓராண்டுக் கணக்கில் இரு குழுவின் நிலையும் ஒன்றுசேர்கிறது. முதல் இரண்டு மூன்று மாதங்களில் சேர்வதில்லை. பிளேட் வைத்தவர் சீக்கிரம் மணிக்கட்டை அசைக்கத் தொடங்குகிறார். மாவுக்கட்டுக்காரருக்கு ஐந்து ஆறு வாரம் கட்டிலேயே போகிறது, அதன்பின் விறைப்பை எடுக்க இன்னும் சில வாரங்கள். அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் நாடுகளில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் பல மையங்களில் நடந்த பெரிய ஆய்விலும் இதே வடிவம்தான்: பிளேட் ஆரம்பத்தில் முந்துகிறது, ஓராண்டில் எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடம். தனியாக வாழ்கிற, தன் கையே தனக்கு உதவி என்கிற ஒருவருக்கு அந்தச் சில வாரங்கள் பெரிய விஷயம். ஏற்கெனவே எல்லா வேலைக்கும் துணை உள்ளவருக்கு அவ்வளவு இல்லை.

தென்றல்வழி, அதனால் நான் கேட்பது இதுதான். அண்ணன் கருத்து எழுதினீர்கள், தங்கை கருத்து எழுதினீர்கள். அம்மா என்ன சொல்கிறார்?

தென்றல்வழி

உண்மையில் அம்மாவிடம் நேராக யாரும் கேட்கவில்லை டாக்டர். இன்று கேட்கிறேன். அவர் தனியாகத்தான் இருக்கிறார், நாங்கள் மூவரும் முறைவைத்துப் போய்வருகிறோம். வலது கைக்காரர். தையல் மிஷினில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது அவருக்கு.

விரல் மரத்துப்போவது இல்லை. ஆனால் விரல்கள் நன்றாக வீங்கியிருக்கின்றன, மடக்கவே பயப்படுகிறார். இது சகஜமா?

விரல்பயிற்சி

கை பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். பிளேட்டா கட்டா என்பதைவிட இதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

வீக்கம் சகஜம். ஆனால் விரலை அசைக்காமல் இருப்பதைச் சகஜம் என்று விட்டுவிடாதீர்கள். முறிவு நன்றாகச் சேர்ந்தும் கை விளங்காமல் என்னிடம் வருகிறவர்களில் பலர், கட்டுப் போட்ட வாரங்களில் விரலைத் தொடவே கூடாது என்று நினைத்தவர்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விரல்களை முழுவதும் நீட்டி, முழுவதும் மடக்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்நுனியையும் தொடச் சொல்லுங்கள். எலும்பு நகர்ந்துவிடாது. உட்காரும்போது கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும், படுக்கும்போது தலையணைமேல். முழங்கை, தோள் இரண்டையும் தினமும் முழு அளவுக்கு அசைக்க வேண்டும். தூளியில் கையைத் தொங்கவிட்டே ஒரு மாதம் இருந்தால் தோள் இறுகிவிடும், அப்புறம் அதற்குத் தனி வைத்தியம்.

கட்டு, விரல்களின் அடிக்கணு வரை வந்து மடக்க விடாமல் தடுக்கிறதா என்று பாருங்கள். தடுத்தால் திரும்பப் போய் வெட்டச் சொல்லுங்கள், கேட்கத் தயங்க வேண்டாம். மணிக்கட்டை ரொம்பவும் கீழ்நோக்கி மடித்துக் கட்டியிருந்தாலும் நரம்பு நசுங்கும். மோதிரம் இன்னும் விரலில் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.

எரிச்சலான வலி, தோல் நிறம் மாறுதல், வியர்வை, தொட்டாலே துடிப்பது, இவை வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வட்டார வலி நோய் என்கிற அந்தத் தொல்லை பிளேட் வைத்தவருக்கும் வரும், கட்டுப் போட்டவருக்கும் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சமாளிக்கலாம்.

நெடுங்கரை

என் அப்பாவின் கதையையும் சொல்கிறேன். 82 வயதில் இடது மணிக்கட்டு. ஞாபக மறதி நோய் இருந்தது, இதயத்துக்கும் மாத்திரைகள். டாக்டர் எங்களை உட்காரவைத்து, ஆபரேஷனால் இவருக்குக் கிடைக்கப்போவது குறைவு, மருத்துவமனையில் தங்கினால் குழப்பம் கூடும் என்றார். கட்டு மட்டும். மணிக்கட்டு கண்ணுக்குத் தெரிகிற அளவு வளைந்துதான் ஒட்டியது. ஆனால் அவர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார், பேப்பரைப் பிடித்துப் படித்தார், வலி என்று ஒருநாளும் சொல்லவில்லை. அந்த வளைவு எங்கள் கண்ணுக்குத்தான் உறுத்தியது.

தாழைமடல்

நெடுங்கரை ஐயா, 82 வயதில் மறதி நோயோடு இருப்பவருக்கு அது சரியான முடிவு, அதை மறுக்கவே மாட்டேன். தையல் மிஷினில் உட்கார்கிற 76 வயது அம்மாவும் அவரும் ஒன்றல்ல. "முதியவர்" என்று 60-லிருந்து 95 வரை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள், என் கோபம் அதன்மேல்தான்.

எலும்பும்தசையும்

தாழைமடல் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பிறந்த தேதியைவிட, அந்தக் கை தினமும் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கைத்தடி அல்லது வாக்கர் பிடித்து நடப்பவரென்றால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு மணிக்கட்டு உடைந்தால் நடையும் நின்றுபோகிறது. முன்கையைத் தாங்கும் பலகை வைத்த வாக்கர் இருக்கிறது, அதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை.

பிளேட் என்று முடிவானால் நடப்பது இதுதான். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டுக்கு மேலே சில சென்டிமீட்டர் வெட்டு. நரம்பையும் ரத்தக் குழாயையும் ஒதுக்கி, எலும்பை நேராக்கி, டைட்டானியம் பிளேட்டை வைத்து ஸ்க்ரூ போடுகிறோம். ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே மரை பொருந்திப் பூட்டிக்கொள்ளும். பழைய வகைப் பிளேட்டுகளில் ஸ்க்ரூ எலும்பைக் கவ்வினால்தான் பிடி, மெலிந்த எலும்பில் அது தளர்ந்துவிடும். இதில் பிளேட்டும் ஸ்க்ரூவும் ஒரே சட்டமாகி மூட்டுப் பரப்பைக் கீழிருந்து தாங்குகின்றன. 2000-க்குப் பிறகு இந்த முறை பரவியதற்கு இதுதான் காரணம்.

பிளேட் இல்லாமல் தோல் வழியாகக் கம்பிகளைச் செலுத்திப் பிடித்துவைக்கும் முறையும் உண்டு. பிரிட்டனில் 461 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான டிராஃப்ட் ஆய்வில் கம்பிக்கும் பிளேட்டுக்கும் ஓராண்டில் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்து 500 பேரிடம் கம்பியையும், நன்றாக அழுத்தி வடிவமைத்த மாவுக்கட்டையும் ஒப்பிட்டார்கள், 2022-இல் வெளியானது. அங்கும் ஓராண்டில் சமம்தான். ஆனால் கட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு முதல் ஆறு வாரத்துக்குள் எலும்பு சரிந்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அந்த இரண்டிலும் இளையவர்களும் சேர்ந்திருந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். மிகவும் மெலிந்த எலும்பில் கம்பி அவ்வளவாகப் பிடிக்காது என்பது என் கருத்து.

சிக்கல்களையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புண்ணில் கிருமித்தொற்று, சர்க்கரை உள்ளவருக்குச் சற்றுக் கூடுதல். ஸ்க்ரூ நீளம் கூடினால் புறங்கைப் பக்கத் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நார்) உரசும், மூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் குருத்தெலும்பைக் கெடுக்கும். பிளேட்டை விளிம்பைத் தாண்டிக் கீழே வைத்துவிட்டால், கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அதில் தேய்ந்து மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து அறுந்துபோகும். அதனால் இந்தச் சிகிச்சையை அடிக்கடி செய்கிறவரிடம் செய்துகொள்வது முக்கியம். "நீங்கள் இதை எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. எந்த நல்ல அறுவை மருத்துவரும் அதற்குப் பதில் சொல்வார்.

மாவுக்கட்டிலும் ஒரு தசைநாண் ஆபத்து உண்டு. விரிசல் சிறியதாக இருந்தாலும் சில வாரம் கழித்துக் கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநாண் அறுந்துபோகலாம். மேசைமேல் உள்ளங்கையை வைத்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்க முடியவில்லை என்றால் உடனே காட்டுங்கள்.

தென்றல்வழி

அண்ணன் பயப்படுவது முழு மயக்கத்துக்குத்தான். அது தவிர்க்க முடியாததா?

அமைதிப்புறா

மயக்க மருத்துவராக இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். தவிர்க்கலாம். அக்குள் அல்லது காறை எலும்புப் பக்கத்தில், ஸ்கேன் பார்த்துக்கொண்டே நரம்புகளைச் சுற்றி ஊசி போட்டால் கை மட்டும் மரத்துப்போகும், அவர் விழித்தே இருப்பார். முதியவர்களுக்கு நான் விரும்புவது அதைத்தான். கை பல மணி நேரம் உணர்வில்லாமல் தொங்கும், அதைக் கண்டு யாரும் பதற வேண்டாம். சர்க்கரை மாத்திரையையும், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஏதும் சாப்பிட்டால் அதையும் பெயரோடு முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

எண்கணக்கு

தள்ளிப்போடவும் கூடாது இல்லையா டாக்டர்? அப்பாவுக்கு நாங்கள் பார்த்த இடத்தில், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லியே மூன்று வாரம் கடத்திவிட்டார்கள். நடுவில் ஒரு எக்ஸ்ரேகூட இல்லை.

எலும்பும்தசையும்

ஆமாம். கட்டுப் போட்டுத் தொடர்வதென்றால் முதல் வாரமும் இரண்டாவது வாரமும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், எலும்பு சரிவது அப்போதுதான். இரண்டு மூன்று வாரம் தாண்டினால் கோணலாகவே ஒட்டத் தொடங்கிவிடும், பிறகு செய்வது கடினமான வேலை. முழுவதும் ஒட்டிய பிறகு வலி தாங்க முடியாவிட்டால், எலும்பை வெட்டி நேராக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. முதியவர்களில் அதுவரை போகிறவர்கள் கொஞ்சம்தான்.

தென்றல்வழி

அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். இரண்டு வழியையும், மேலே நீங்கள் எழுதிய நல்லது கெட்டதோடு சொன்னேன். மேடு தட்டுமா, தழும்பு விழுமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "எதில் சீக்கிரம் என் வேலையை நானே பார்த்துக்கொள்ள முடியும்?" என்று மட்டும்தான் கேட்டார். தனியாக இருப்பவர் என்பதை டாக்டரிடம் மறுபடி சொன்னதும், இரண்டாவது கருத்துச் சொன்னவரும் அப்படியானால் பிளேட் நியாயமான தேர்வுதான் என்றார். கையை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள் என்று தெரிந்ததும் அண்ணனும் சம்மதித்துவிட்டார். இந்த வாரமே நடக்கும். பிளேட்டைப் பிறகு எடுக்க வேண்டுமா என்பது மட்டும் கேட்க மறந்துவிட்டேன்.

மூத்தோர்நலம்

வாழ்த்துகள், நல்லபடியாக முடியட்டும். முதியோர் மருத்துவத்தில் இருப்பதால், இத்தனை நேரம் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைகிறது என்றால், அந்த எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு முறிவு வந்தவருக்குப் பின்னாளில் இடுப்பு எலும்போ முதுகெலும்போ உடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இடுப்பு உடைவது உயிரோடு விளையாடுகிற விஷயம். ஆனால் பெரும்பாலானோருக்குக் கை சரியானதும் சிகிச்சை முடிந்துவிடுகிறது, எலும்புப்புரையை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுங்கள். டெக்ஸா என்பார்கள், வலி இல்லாதது, சில நிமிடங்களில் முடியும். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அதற்குச் சற்று மேலே இருந்தாலும், முறிவு வந்தவர் என்பதால் மருந்து தேவைப்படலாம். வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மருந்தைத் தொடங்குவார்கள். வாரம் ஒருமுறை மாத்திரையாகவும், ஆண்டுக்கு ஒருமுறை ஊசியாகவும் இருக்கிறது. மாத்திரையென்றால் காலையில் வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். பல் பிடுங்குகிற வேலை ஏதும் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

ஏன் விழுந்தார் என்றும் தேடுங்கள். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா, கண்ணில் புரை இருக்கிறதா, தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரையால் பாதம் மரத்திருக்கிறதா. விரல்பயிற்சி போன்றவர்களிடம் கைக்குப் போகும்போதே கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி கேளுங்கள்.

எலும்பும்தசையும்

மூத்தோர்நலம் எழுதியதை அப்படியே அச்செடுத்து வெளிநோயாளி அறையில் ஒட்டலாம்.

தென்றல்வழி, பிளேட்டைப் பற்றி: தொந்தரவு இல்லையென்றால் எடுக்க வேண்டியதில்லை, ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கலாம். கட்டைவிரலை மடக்கும்போது மணிக்கட்டின் உள்பக்கம் உரசுவது போலவோ சொடுக்குவது போலவோ இருந்தால், அங்கே வீக்கம் தெரிந்தால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் காட்டுங்கள். தசைநாண் அறுவதற்கு முன்பே எடுத்துவிடலாம். அறுவை சிகிச்சை முடிந்து எடுக்கும் எக்ஸ்ரேயின் நகலையும், எந்தப் பிளேட் என்று எழுதிய குறிப்பையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், எடுக்க வேண்டி வந்தால் செய்கிறவருக்கு அது தேவைப்படும்.